கம்பி ஓய்ந்ததும் மூடும் கதவு

ஸ்வீடனின் மெஷுகா போன்ற மெட்டல் குழுக்களின் கிட்டார் இடியாக இறங்கும், சட்டென நிற்கும், மறுபடி இறங்கும். நொடிக்கும் குறைவான அந்த இடைவெளி சுத்தமாக இருந்தால்தான் தாளக்கட்டு காதில் பிடிபடும். கம்பிகளை அமுக்கி அடக்கும் கைகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. கைக்கு எட்டாத மீதி வேலையை, அதாவது இடைவெளியில் கேட்கும் இரைச்சலை அடக்குவதை, செய்வது நாய்ஸ் கேட்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பில் காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புச் சுருள் இருக்கும். கம்பி அதிர்ந்தால் அதில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. பக்கத்து டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தையும் அதே சுருள் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அமெரிக்காவில் 60. அந்த ரீங்காரம் இசையோடு சேர்ந்தே வரும். 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களைச் சேர்த்து ஹம்பக்கரை உருவாக்கியபின் ரீங்காரம் வெகுவாக அடங்கியது. ஆனால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்குள் பிறக்கும் 'உஸ்' சத்தத்தை ஹம்பக்கரால் ஒன்றும் செய்ய முடியாது.

பெருக்கும் அளவான கெயினை ஏற்றும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது. கம்பியின் ஒலி இரைச்சலைவிட நூறு மடங்கு பெரியது என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப் இரண்டையும் ஆயிரம் மடங்கு பெருக்கப் பார்க்கிறது. கம்பியின் ஒலி சீக்கிரமே உச்சவரம்பில் முட்டித் தட்டையாகிவிடும். டிஸ்டார்ஷன் என்பதே அதுதான். சிறிய இரைச்சலுக்கோ இன்னும் வளர இடமிருக்கிறது. கடைசியில் இரண்டுக்கும் இடையே கொஞ்ச வித்தியாசமே மிஞ்சுகிறது.

நாய்ஸ் கேட் வருகிற ஒலியின் அளவைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் வைத்த த்ரெஷோல்டுக்குக் கீழே இறங்கினால் ஒலியை அடைத்துவிடும், மேலே ஏறினால் திறந்துவிடும். எவ்வளவு வேகமாகத் திறக்க வேண்டும் என்பது அட்டாக், எவ்வளவு நிதானமாக மூட வேண்டும் என்பது ரிலீஸ். வாசிக்கும்போது இரைச்சல் எங்கும் போய்விடுவதில்லை. கிட்டாரின் ஒலி அதை மறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கேட்டை எங்கே வைப்பது? ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால் பிக்கப்பின் ரீங்காரம் மட்டும் நிற்கும், ஆம்ப்பின் 'உஸ்' தொடரும். ஆம்ப்பின் முதல் கட்டமான ப்ரீஆம்ப்புக்குப் பின்னால் வைத்தால் ஒலிக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் குறைந்துபோன இடத்தில் கேட் தடுமாறும்; நீண்டு ஒலிக்க வேண்டிய சுரத்தைப் பாதியில் வெட்டும். இதற்கு அருமையான தீர்வு, ஓரிடத்தில் கேட்டு வேறிடத்தில் மூடுவது. 1987-இல் வந்த பாஸ் என்எஸ்-2 பெடலில் நான்கு இணைப்புகள் உண்டு. கிட்டாரை இன்புட்டிலும், சென்டை ஆம்ப்பின் முகப்பிலும் செருக வேண்டும். ப்ரீஆம்ப்புக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப் சென்டைப் பெடலின் ரிட்டர்னுக்கும், பெடலின் அவுட்புட்டை லூப் ரிட்டர்னுக்கும் கொடுக்க வேண்டும். இப்போது கேட் கவனிப்பது டிஸ்டார்ஷன் ஏறாத கிட்டாரை. அடைப்பது ப்ரீஆம்ப்பைத் தாண்டி வரும் ஒலியை. நான்கு கேபிள் இழுக்கும் சிரமம் தகும்.

டிலே, ரிவர்ப் இரண்டும் கேட்டுக்குப் பிறகே வரட்டும். இல்லையென்றால் எதிரொலியின் வாலும் வெட்டுப்படும்.

த்ரெஷோல்டைத் தொடுமுன் கெயினைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பல சமயம் ஒலி இன்னும் தெளிவாகும். பிறகு கம்பிகளைக் கையால் அடக்கிக்கொண்டு, இரைச்சல் நிற்கும் இடம்வரை மட்டும் த்ரெஷோல்டை ஏற்றுங்கள். கடைசியாக ஒரு சுரத்தை மீட்டி, அது தானாக ஓயும்வரை விட்டுக் கேளுங்கள். நடுவில் அறுந்தால் குமிழைச் சற்றுப் பின்னால் திருப்புங்கள்.