பிரண்டையும் எலும்பும்

யாழ்ப்பாணத்து வேலிகளிலே கேட்பாரின்றிப் படர்வது, நாற்கோணத் தண்டுடைய பிரண்டை. வச்சிரவல்லி என்பது அதன் மற்றொரு பெயர். முறிந்த எலும்பிற்கு அதனை அரைத்துக் கட்டுவது சித்த வைத்தியர் வழக்கம். காசி இந்து சர்வகலாசாலை ஆய்வாளராகிய உடுப்பாவும் பிரசாத்தும் கதிரியக்கக் கல்சியத்தைக் கொண்டு ஆராய்ந்து, பிரண்டையால் முறிவு விரைந்து பொருந்துவதாக 1964இல் எழுதினர்.

ஆயினும், முறிவு பொருந்துதல் வேறு; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு உள்ளே தேய்ந்து நொய்தாதல் வேறு. பின்னதற்குப் பிரண்டை உதவும் என்பதற்குச் சான்று பெரும்பாலும் எலிகளிடமே கிடைத்திருக்கிறது.

பாட்டிமார் துவையலைத் தாராளமாக உண்ணலாம். நாரை நீக்கி, நல்லெண்ணெயில் நன்கு வதக்கிப் புளி சேர்த்தல் வேண்டும்; இல்லையேல் தண்டிலுள்ள ஊசிப் படிகங்கள் நாவை அரிக்கும். ஆனால், சிறு இடறலிலே மணிக்கட்டு முறிந்தவர் எலும்பின் அடர்த்தியைச் சோதிப்பியாது துவையலோடு அமைந்துவிடுதல் தகாது. அடுத்து முறிவது இடுப்பெலும்பாகலாம்.