கரையைக் காத்தல்

வெள்ளத்தைத் தடுக்கும் அணை என்றதும் பேராற்றின் குறுக்கே உயர்ந்து நிற்கும் கற்சுவரே நம் நினைவுக்கு வரும். அமெரிக்க நாட்டின் ஓக்லகோமா மாநிலத்திலோ, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே புல் போர்த்திய மண்மேடுகளாக 2,000க்கும் மேற்பட்ட சிற்றணைகள் உள்ளன. அவற்றைக் கடந்து செல்வோர் பலர் அவை அணைகள் என்பதையே அறியார்.

தோற்றம்

1930களில் வறட்சியும் புழுதிப்புயலும் அம்மாநிலத்தின் மேல்மண்ணை வாரிச் சென்றன. மழைக்காலத்தில் வாஷிட்டா ஆறு பெருக்கெடுத்து வயல்களை அழித்தது. ஆறு பெருகிய பின் தடுப்பதைவிட, அதில் கலக்கும் ஓடைகளிலேயே வெள்ளத்தைத் தடுப்பது நன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. 1944ஆம் ஆண்டின் வெள்ளத்தடுப்புச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. அத்திட்டத்தின் முதல் அணை 1948இல் கார்டெல் நகருக்கு அருகே, கிளவுட் ஓடையில் கட்டப்பட்டது. பின்னர் நாடெங்கும் இத்தகைய அணைகள் 11,000க்கு மேல் பெருகின.

அமைப்பு

நம் ஏரி, பாசனத்திற்காக நீரைத் தேக்குகிறது. இவ்வணையோ வெள்ளத்தைச் சில நாள்கள் நிறுத்தி, மெல்ல வெளியேற்றுகிறது. மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, இறுக்கிக் கரை எழுப்புவர். நீர்ப்பரப்பில் செங்குத்தாக நிற்கும் கற்காரைக் கூண்டினுள் நீர் விழுந்து, கரையின் அடியில் செல்லும் குழாய் வழியே வெளியேறும். இதற்குக் கதவு இல்லை. ஆகவே, ஆளில்லா நள்ளிரவிலும் அணை தன் பணியைச் செய்யும். பெருவெள்ளம் வந்தால், மிகைநீர் கரையோரத்துப் புல்வெளிக் கலிங்கின் வழியே வழிந்தோடும். மண்கரையின் மேல் நீர் வழிந்தால் கரை அரிக்கப்பட்டு உடையக்கூடும் என்பதாலேயே இந்த ஏற்பாடு.

முதுமை

இவ்வணைகளுள் பெரும்பாலானவை 50 ஆண்டுப் பயன்பாட்டைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை. காலப்போக்கில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைகிறது; உலோகக் குழாய் துருப்பிடிக்கிறது; மரவேர்களும் விலங்குகளின் வளைகளும் கரையினுள் நீருக்கு வழி திறக்கின்றன. கரையின் அடியில் கசியும் நீரே இந்நோயைக் காட்டும் நாடி. தெளிந்த கசிவையும் கண்காணித்தல் வேண்டும். கசிவு கலங்கி வந்தாலோ, கரையின் மண் உள்ளிருந்து கரைகிறது என்று உணர்ந்து உடனே செயற்படுதல் வேண்டும்.

முதுமையினும் பெரிய இடர் மறதி. அணை கட்டப்பட்டபோது கீழே வயல்களே இருந்தன. உடைந்தால் பெரும்பாலும் பயிரே அழியும். ஆண்டுகள் பல வெள்ளமின்றிக் கழிந்ததும், அச்சம் நீங்கிய மக்கள் அங்கே வீடுகளையும் சாலைகளையும் அமைத்தனர். இவ்வாறு, கரையில் எந்த மாற்றமும் நிகழாமலேயே பல அணைகள் ‘உயர் இடர் அணை’ என்னும் வகைக்கு உரியவையாயின. அணை தந்த பாதுகாப்பே புதிய இடருக்கு விதையாயிற்று.

இதனை உணர்ந்தே, பழைய அணைகளைப் புதுப்பிக்க 2000ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. குழாயை மாற்றுதல், கலிங்கை அகலப்படுத்துதல், கரையை உயர்த்துதல் ஆகியவை அப்பணியுள் அடங்கும். எனினும் புல்லைச் செதுக்குதல், மரக்கன்றுகளை அகற்றுதல், வளைகளை அடைத்தல் போன்ற எளிய பணிகள் ஆண்டுதோறும் தொடர வேண்டும். அணையைக் கட்டுவது ஒரு தலைமுறையின் பணி. அதைக் காப்பது அதன் நிழலில் வாழும் ஒவ்வொரு தலைமுறையின் கடமை.