வளைகுடாவும் ஒரு ஃபோர்டு எஸ்கார்ட்டும்

மூன்று கதவுகள், பின்னால் இரண்டடுக்கு இறக்கை. 1990களில் வளைகுடா ராலிகளைப் பார்த்தவர்கள் ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் காஸ்வொர்த்தை மறந்திருக்க மாட்டார்கள். துபாயின் முகமது பின் சுலாயம் ஓட்டிய கார் அது. மத்தியக் கிழக்கு ராலி பட்டத்தை 14 முறை வென்ற அவர், 2021இல் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் தலைவரானார்.

பார்வைக்குக் குடும்பக் கார்; பிறந்ததோ பந்தயத்துக்காக. குறைந்தது 2,500 கார்களைத் தயாரித்தால்தான் ராலியில் இறங்கலாம் என்பது அன்றைய குரூப் ஏ விதி. அதனால் எஸ்கார்ட்டின் உடலுக்கு அடியில் சியரா காஸ்வொர்த்தின் தளத்தையும் நான்கு சக்கர இயக்கத்தையும் 2 லிட்டர் டர்போ இன்ஜினையும் பொருத்தினார்கள். 1992 முதல் 1996 வரை சுமார் 7,000 கார்களே வெளிவந்தன.

சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது பெரிய டர்போ பொருத்திய தொடக்ககாலக் கார்களை. பிற்காலக் கார்களில், நகரச் சாலையில் உடனே வேகமெடுக்க வசதியாகச் சிறிய டர்போ வந்துவிட்டது.

வளைகுடாவில் வாங்குபவர்கள் முதலில் ஸ்டீயரிங்கைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் விற்றவை வலப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை. இங்குள்ள சாலைகளுக்கு ஐரோப்பியச் சந்தைக்கான இடப்பக்கக் கார்களே தோது. அடுத்து வெயில். ரப்பர் குழாய்கள், டாஷ்போர்டு, ரேடியேட்டர் மூன்றையும் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. கடற்கரைக் காற்றில் நின்ற காராக இருந்தால், லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

சேசிஸ் எண்ணும் ஆவணங்களும் பொருந்தாவிட்டால், விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.