ஒரு முத்தம் நஷ்டம்

அரசர் முன்னாடி விழுந்து கும்பிடுறதுக்குக் கிரேக்கத்தில் ஒரு சொல் இருக்கு: ப்ரோஸ்கினேசிஸ். ஆனா பிரிச்சுப் பார்த்தா, அதில் விழுறதும் இல்லை, குனியறதும் இல்லை. 'ப்ரோஸ்' என்றால் 'நோக்கி'. 'கினேயோ' என்றால் 'முத்தமிடுகிறேன்'.

அப்புறம் எப்படி அது தரைக்கு வந்தது? பாரசீகர்களின் வழக்கத்தை ஹெரோடோட்டஸ் இப்படி எழுதுகிறார்: சமமானவர்கள் சந்தித்தால் வாயில் முத்தம். கொஞ்சம் தாழ்ந்தவர் என்றால் கன்னத்தில். ரொம்பத் தாழ்ந்தவர் என்றால், கீழே விழுந்து வணங்கணும். அந்த வணக்கத்துக்கு அவர் போட்ட சொல் இதுதான். சிக்கல் என்னன்னா, பாரசீகர்களுக்கு அது மரியாதை. கிரேக்கர்களுக்கோ சாமிக்கு மட்டும் செய்கிற விஷயம்.

கி.மு. 327, பாக்ட்ரா. இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க். பாரசீகத்தைப் பிடித்த அலெக்சாந்தர், கூட வந்த கிரேக்கர்களிடமும் இதை எதிர்பார்த்தார். ஒரு விருந்தில் ஒவ்வொருவரும் கிண்ணத்தில் குடித்து, வணங்கி, அவரிடம் முத்தம் பெற்றார்கள். வரலாற்றாசிரியர் காலிஸ்தனிஸ் மட்டும் வணங்காமலே முத்தத்துக்குப் போனார். அலெக்சாந்தர் மறுத்துவிட்டார். சரி, ஒரு முத்தம்தானே நஷ்டம் என்கிற மாதிரி சொல்லிவிட்டு அவர் கிளம்பினார் என்கிறார் ப்ளூட்டார்க்.

நஷ்டம் அதோடு நிற்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு சதி வழக்கில் கைதானார். உயிரோடு திரும்பவே இல்லை.