பெரியாஸ்பத்திரி யாருடையது?

சாரல் காலத்தில் ஒருமுறை என் ஆறாம் வகுப்பில் நான்கு பேர் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கால் விடுப்பு எடுத்தார்கள். திரும்பி வந்த ஒருவன் கேட்டான்: "சார், பெரியாஸ்பத்திரி தென்காசி நகராட்சியோடதுதானே? குற்றாலத்துக்காரங்க, இலஞ்சிக்காரங்க எல்லாரும் ஏன் அங்கயே போறோம்?"

பாடநூலில் உள்ள 'உள்ளாட்சியின் பணிகள்' பட்டியல் இதற்கு விடை தரவில்லை. நானே தேடிப் படித்தேன்.

தென்காசி அரசு தலைமை மருத்துவமனை மாநில அரசுடையது. மருத்துவர்களின் ஊதியமும் மருந்துச் செலவும் மாநில வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகின்றன. எனவே எந்த ஊர்க்காரரும் அங்கே செல்லலாம். அதற்காக அவருடைய பேரூராட்சி நகராட்சிக்குப் பணம் தர வேண்டியதில்லை. தேசிய நலவாழ்வுக் குழுமத் திட்டங்களுக்கு ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் தருகின்றன. 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்திற்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்திற்கென ரூ.70,051 கோடி பரிந்துரைத்தது. துணை சுகாதார நிலையக் கட்டடங்கள், வட்டாரப் பொதுச் சுகாதார அலகுகள் போன்றவை இதில் அடங்கும்.

அப்படியானால் உள்ளாட்சியின் பங்கு என்ன? நோய் வருமுன் காப்பது. குடிநீரில் குளோரின் கலப்பது, குப்பை அகற்றுவது, கொசு ஒழிப்பது, பொதுக் கழிப்பறை பராமரிப்பது ஆகியவை அதன் வேலை. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, மாநில நிதிப் பகிர்வு ஆகியவை அதன் வருவாய்.

குற்றாலத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நிதிப் பகிர்வில் மக்கள்தொகை முக்கிய அளவுகோல். அருவியில் குளிக்க வரும் பெருங்கூட்டம் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அவர்கள் விட்டுச்செல்லும் குப்பையை அள்ள வேண்டியது சிறிய பேரூராட்சிதான்.

மாணவர்களிடம் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டேன்: 'நோய் வந்தபின்', 'நோய் வருமுன்'. மருந்து, ஊசி, படுக்கை முதல் கட்டத்தில் சேர்ந்தன. தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டபோது வகுப்பு அமைதியானது. "அப்ப நாங்க ஆஸ்பத்திரியத் திட்டுனது தப்பு சார்" என்றான் அதே மாணவன். அவர்கள் தெருத் தொட்டியைச் சுத்தம் செய்யக் கோரி, பெற்றோர் கையெழுத்துடன் உள்ளாட்சி அலுவலகத்திற்கு மனு எழுதினோம். தொட்டி கழுவப்பட்டது.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் ஊரிலும் இந்த இரண்டு கட்டங்களைப் போட்டுப் பாருங்கள். கிராமமாக இருந்தால், ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில் 'நோய் வருமுன்' கட்டத்தைக் கேள்வியாக்கலாம். எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிந்த பிள்ளை, நாளை உரிமையைக் கேட்கத் தயங்காது.