கோபி மஞ்சூரியனில் கோதுமை எங்கே?

சாயங்காலம் தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடையில் ஒரு பிளேட் கோபி மஞ்சூரியன் வாங்குகிறீர்கள். அதில் கோதுமை இருக்கிறதா? “காலிஃப்ளவர்தானே, கோதுமைக்கு அங்கே என்ன வேலை?” என்றுதான் கேட்பீர்கள். மாஸ்டர் செய்வதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். காலிஃப்ளவரைப் புரட்டும் மாவில் கார்ன் ஃபிளவரோடு மைதாவும் இருக்கிறது. மைதா என்பது தவிடு நீக்கிய கோதுமைதான். பொரித்ததை வாணலியில் போட்டுக் கிளறும்போது கறுப்பாக ஒரு சாஸ் ஊற்றுகிறார் அல்லவா? அது சோயா சாஸ். சோயாவோடு கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைத்துத்தான் பெரும்பாலும் அதைத் தயாரிக்கிறார்கள். அப்புறம் அந்த எண்ணெய். சற்று முன்னால்தான் அதில் சமோசா பொரிந்தது. ஆக, ஒரே தட்டுக்குள் மூன்று வழியாகக் கோதுமை வந்து சேர்ந்துவிட்டது.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் உலகத்தில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது பெரிய விஷயம். அவர்களுக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவர்கள் குடலைப் புண்ணாக்கிவிடும். இந்தியாவில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. சப்பாத்தி தின்னும் வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று மேலாக இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. சோறு தின்னும் தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத்தான். ஆனாலும் அந்த ஒருவர் உங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கலாம்.

குளூட்டனைக் கண்ணால் பார்க்க ஆசையா? அம்மாவிடம் கேட்டு ஒரு கைப்பிடி மைதாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் அந்த உருண்டையை அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவக் கழுவ உருண்டை சிறுத்துக்கொண்டே வரும். கடைசியில் பழுப்பு நிறத்தில், சவ்வு சவ்வாக, கையோடு ஒட்டும் ஒரு சின்னக் கட்டி மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். இத்தாலியில் பொலோன்யா நகரத்துப் பேராசிரியர் பெக்காரி 18-ஆம் நூற்றாண்டில் இதே மாதிரி மாவைக் கழுவித்தான் குளூட்டனைப் பிரித்தெடுத்தார். இப்போது அரிசி மாவைப் பிசைந்து அதே மாதிரி கழுவுங்கள். முழுக்கக் கரைந்துபோய் கையில் ஒன்றும் நிற்காது. பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிகிறதே, அதற்குக் காரணம் குளூட்டன். அரிசி மாவில் பரோட்டா வீச முடியாததற்குக் காரணம் அது இல்லாததுதான்.

இனி வயிற்றுக்குள் போவோம். நம் சிறுகுடலின் உள்சுவர் டர்க்கி டவல் மாதிரி இருக்கும். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி நூல்களுக்குப் பதிலாக இங்கே குடல் உறிஞ்சிகள். செரித்த உணவிலிருந்து சத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புவது இவைதான். குளூட்டன் யார் வயிற்றிலும் முழுசாகச் செரிப்பதில்லை, துண்டு துண்டாக மிஞ்சும். சீலியாக் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தத் துண்டுகளை எதிரி என்று நினைத்துச் சண்டையைத் தொடங்கிவிடுகிறது. அடி விழுவது சொந்தக் குடலுக்கு. உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, ரத்தசோகை எல்லாம் வரும், உயரமும் எடையும் கூடாது. சிலருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இருக்காது, சோர்வு மட்டும் இருக்கும். இது பரம்பரையாக வரக்கூடியது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை.

இதற்குக் குற்றவாளி கோதுமைதான் என்று கண்டுபிடித்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற டாக்டர், இந்த நோயால் மெலிந்துபோன குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். ரொட்டி கிடையாது. குழந்தைகள் தேறினார்கள்! வாழைப்பழம்தான் மருந்து என்று எல்லோரும் நம்பினார்கள். குணமாகிவிட்டது என்று நினைத்து மறுபடி ரொட்டி கொடுத்தார்கள். எங்கே தவறு என்று புரிகிறதா? குழந்தைகள் எதைச் சாப்பிட்டார்கள் என்று பார்த்தார்களே தவிர, எதைச் சாப்பிடாமல் இருந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர் நெதர்லாந்தில் ஹேக் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த வில்லெம் டிக்கே. ரொட்டிமேல் அவருக்கு 1930-களிலேயே சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45, அங்கே பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஜனங்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். அந்தக் கொடுமையிலும் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள் என்பதைக் கண்டபோது டிக்கேயின் சந்தேகம் வலுத்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கோதுமையை நிறுத்தினார், கவனித்தார், திரும்பக் கொடுத்தார், கவனித்தார். அரிசியையும் மக்காச்சோளத்தையும் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகளின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். மூக்கைப் பொத்தாதீர்கள்! அந்த அளவுதான் சாட்சி சொன்னது. கோதுமையும் ரையும் கெடுதல், அரிசியும் மக்காச்சோளமும் சரி என்று தெரிந்தது. 1950-இல் இதையே தன் டாக்டர் பட்ட ஆய்வாக எழுதினார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். இதுதான் அவர் வழி. ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட்டு வயிறு வலித்தால் நாம் இதைச் செய்வதில்லை. “மைதாதான் காரணம்” என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தட்டில் பால் சேர்ந்த ஏதாவதும் இருந்திருக்கலாம். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருந்தால் வயிறு உப்பும், வலிக்கும். அது தொந்தரவுதான், ஆனால் குடலைப் புண்ணாக்காது. கோதுமை ஒவ்வாமை இன்னொரு வகை. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோல் தடிக்கும், உதடு வீங்கும். மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எனவே அடிக்கடி தொந்தரவு வந்தால் ஒரு நோட்டு போடுங்கள். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, என்ன ஆயிற்று என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள்: நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை, குளூட்டன் சாப்பிடுவதால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் அந்த எதிர்ப்பொருள் குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

நோய் உறுதியானால் குளூட்டனை வாழ்நாள் முழுக்க விட வேண்டும். கொஞ்சமாகத் தின்றாலும் ஆகாதா? இத்தாலியில் ஓர் ஆய்வில் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்தபோது 3 மாதத்தில் குடல் உறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. ஒரு துண்டு பிரெட்டிலேயே 2,000 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் உண்டு. அதில் நாற்பதில் ஒரு பங்கு, ஒரு சின்னப் பொட்டு, அவ்வளவுதான்! இந்தியாவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம்.

அதனால்தான் கடையில் எண்ணெயையும் கல்லையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சமோசா பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் போட்டால் மைதாத் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் எண்ணெய்ச் சூடு குளூட்டனை அழிக்காது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கு ஃபிரைஸின் சுவையூட்டியிலேயே கோதுமையிலிருந்து எடுத்த பொருள் உண்டு, நிறுவனமே அதைப் பொருள் பட்டியலில் தெரிவிக்கிறது. நம் ஊர் தோசை அரிசியும் உளுந்தும்தான். ஆனால் அதே கல்லில் ரவா தோசையும் பரோட்டாவும் போட்டிருந்தால்? ரவையும் கோதுமைதான். சாம்பாரில் போடும் பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். இட்லி தனிப் பாத்திரத்தில் ஆவியில் வேகிறது. பெருங்காயம் போடாத தேங்காய்ச் சட்னியோடு அதைச் சாப்பிடுவதுதான், என் கணக்கில், சீலியாக் உள்ள ஒரு பிள்ளைக்கு நம் ஊரில் கிடைக்கும் மிக நல்ல ஃபாஸ்ட் ஃபுட்.

கடைக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். “அண்ணா, இதில் மைதா இருக்கா? எண்ணெய் தனியா? சாஸ் ஊத்தாம செய்ய முடியுமா?” என்று கேளுங்கள். அவர் யோசித்துத் தயங்கினால் அந்தப் பண்டத்தை விட்டுவிடுங்கள். பத்துக் கிளைகளும் அதற்கு மேலும் உள்ள உணவகங்கள் ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

உங்கள் வகுப்பில் யாராவது “எனக்குக் கேக் வேண்டாம், டாக்டர் சாப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்” என்றால், “ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆகும்?” என்று வற்புறுத்தாதீர்கள். அடுத்த பிறந்தநாளுக்கு, அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர்களும் சாப்பிடும்படியாகக் கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுங்கள்.