துறையெண்ணும் கருவியின் முகவரியும்

ஒரு பொருளுக்குப் பெயர் அமையும் வகையினை ஆராய்ந்த நம் இலக்கண நூலார், பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் இரு கூறாக்கினர். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறும் பெயர்கள் பிறக்கும் நிலைக்களன் என்றும் கொண்டனர். ஒரு பெயர் எதனால் வந்தது என்பதை அறியாதவன், அது எப்பொழுது பொய்க்கும் என்பதையும் அறியான். இவ்வுண்மை இக்காலக் கணினி வலையமைப்புக்கும் பொருந்தும். பொதிகளைக் கையாளும் மென்பொருளில் வலையமைப்பு அட்டைகள் துறையெண் பெறும் முறையைக் கொண்டு அதனை ஈண்டு விளக்குவாம்.

வலையமைப்பிற் செல்லும் செய்தி யாவும் பொதிகளாகப் பகுக்கப்பட்டே அனுப்பப்படுகின்றன. விநாடிக்கு 10 கிகாபிற்று வேகமுடைய ஈதர்நெற் இணைப்பொன்றில், 64 பைற்று அளவான மிகச்சிறு பொதிகள் விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சத்து 80 ஆயிரம் வந்துசேர்தல் கூடும். அஃதாவது, ஒரு பொதிக்குக் கிடைக்குங் காலம் ஏறத்தாழ 67 நனோவிநாடியே. பணிசெயல் முறைமை ஒவ்வொரு பொதியையும் தானே வாங்கிப் பிரயோக மென்பொருளிடம் ஒப்படைப்பதற்கு இக்காலம் போதாது. இக்குறையை நீக்க எழுந்ததே டி.பி.டி.கே. என்னும் மென்பொருள் நூலகம். இன்ரெல் நிறுவனத்தில் தோன்றிய இது 2017ஆம் ஆண்டில் லினக்ஸ் பவுண்டேசனின் கீழ் வந்தது. பெரும்பாலான அட்டைகளை இது பணிசெயல் முறைமையின் செலுத்தியினின்றும் விடுவித்துத் தன் ஆளுகைக்குட் கொள்கின்றது. அங்ஙனம் கொள்ளப்பட்ட அட்டை, லினக்ஸ் வழக்கமாகக் காட்டும் பெயர்ப்பட்டியலினின்றும் மறைந்துவிடும். ஆகவே அதனை வேறு வகையால் அடையாளங் காணல் வேண்டும்.

அடையாளம் இரண்டு உள. முதலாவது பி.சி.ஐ. முகவரி. 0000:03:00.0 என்பது அதற்கோர் எடுத்துக்காட்டு. இதில் முதற்பகுதி களத்தையும், அடுத்தது பாட்டையையும், மூன்றாவது கருவியையும், புள்ளிக்குப் பின் நிற்பது அக்கருவியின் தொழிற்கூற்றையும் குறிக்கும். ஒரு களத்தில் 256 பாட்டைகளும், ஒரு பாட்டையில் 32 கருவிகளும், ஒரு கருவியில் 8 தொழிற்கூறுகளும் இடம்பெறலாம். அட்டை கணினியினுள் எவ்விடத்தில் உளது என்பதைக் கூறுவதால் இதனை இடம்பற்றி வந்த காரணப்பெயர் எனலாம்.

இரண்டாவது துறையெண். மென்பொருள் தொடங்கும்போது தனக்கு உரியனவாகக் கண்ட அட்டைகளை வழக்கமாக முகவரி ஏறுவரிசையில் எடுத்து, 0, 1, 2 என எண்ணிட்டுச் செல்லும். இணையத் தொடர்புகளில் வழங்கும் 80, 443 முதலிய துறையெண்கள் வேறு, இவை வேறு. அட்டைகளின் விவரங்கள் ஓர் அணியில் வரிசையாக வைக்கப்பட்டிருத்தலின், எண்ணைக் கொண்டு உரிய இடத்தை உடனே எட்டலாம். 67 நனோவிநாடிக்குள் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருத்தல் இயலாது. ஆதலின் துறையெண் வேகத்திற்காகவே அமைந்தது, நிலைபேற்றுக்காக அன்று.

இவ்வேறுபாட்டை மறப்பதனால் விளையுங் கேட்டினை நோக்குவாம். 0000:03:00.0, 0000:03:00.1 என்னும் இரண்டு துறைகளை உடைய காப்புக் கணினி ஒன்றில், முன்னது எண் 0 பெற்று வெளியுலகோடும், பின்னது எண் 1 பெற்று உள்வலையமைப்போடும் இணைந்துள்ளன என்க. மென்பொருளில் ‘0 வெளி, 1 உள்’ என்றே எழுதப்பட்டுள்ளது. பின்னர் 0000:02:00.0 என்னும் முகவரியில் புதிய அட்டை ஒன்று பொருத்தப்படுகின்றது. அடுத்தமுறை தொடங்கும்போது புதிய அட்டை 0 ஆகின்றது; வெளித்துறை 1 ஆகின்றது; உள்துறை 2 ஆகின்றது. வெளியார் பொதிகள் இப்பொழுது உள்ளார்க்குரிய விதிகளின்படி ஏற்கப்படும். மென்பொருள் வழுவெதனையும் அறிவியாது. ஏனெனில் அது தனக்கு இட்ட கட்டளையையே பிசகாது செய்கின்றது. மென்பொருள் இயங்கும்போதே ஓர் அட்டை நீக்கப்படின், அதன் எண் வெற்றிடமாகிப் பின்வரும் வேறோர் அட்டைக்கு உரியதாகலும் உண்டு.

ஆசிரியராயினார்க்கு இது புதிதன்று. வகுப்பு இடாப்பில் மாணவர் பெயர்கள் அகரவரிசையிலே எண்பெறும். அகரத்திற் தொடங்கும் பெயருடைய மாணவன் ஒருவன் புதிதாகச் சேரின், அடுத்த இடாப்பில் ஏனையோர் அனைவரும் ஓரெண் பின்தள்ளப்படுவர். பழைய எண்ணையே நம்பிப் புள்ளிகளைப் பதிந்தால் ஒருவன் புள்ளி மற்றொருவனைச் சேரும். இதனாலன்றோ கல்லூரி ஒவ்வொரு மாணவனுக்கும் மாறாத சேர்விலக்கம் ஒன்றையும் வழங்குகின்றது!

பரிகாரம் எளிது. எந்த அட்டை எப்பணிக்கு உரியது என்பதை முகவரியாற் குறித்து வைத்தல் வேண்டும். முகவரியைக் கொடுத்துத் துறையெண்ணைக் கேட்டறிதற்குரிய சார்பு டி.பி.டி.கே. நூலகத்திலேயே உளது. தொடக்கத்தில் ஒருமுறை அதனாற் கேட்டறிந்து, பின்னர் அவ்வெண்ணையே கையாளலாம். குறித்த முகவரியில் அட்டை இல்லையாயின், ஊகித்து மேற்செல்லாது மென்பொருள் நின்றுவிடுதலே முறை.

முகவரியும் முற்றும் மாறாததன்று. அட்டையை வேறு பொருத்துவாயில் மாட்டினால் அது மாறும். புதிய கருவிகள் சேர்வதனாற் பாட்டை எண்ணும் மாறக்கூடும். மெலனொக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 போன்ற அட்டைகளில் ஒரே முகவரியின்கீழ் இரு துறைகள் உள. எனவே, ஆக்கியோரால் இடப்பட்ட 48 பிற்று அளவான மாக் முகவரியையும் உடன்வைத்துச் சரிபார்த்தல் நன்று. அதுவும் மென்பொருளால் மாற்றப்படக்கூடியதாதலின், இரண்டும் ஒத்தபோதே ஐயம் நீங்கும்.

லினக்ஸ் முறைமையும் இதே இடர்ப்பாட்டைக் கண்டது. அட்டைகள் கண்டறியப்பட்ட வரிசையில் ஈத்0, ஈத்1 என வழங்கிய பெயர்கள் நிலைபெறாமை கண்டு, 2013ஆம் ஆண்டில் வெளிவந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு, இருப்பிடத்தைக்கொண்டு பெயரிடும் முறையினைப் புகுத்தியது.

விரைவுக்கு எண் வேண்டும்; உறுதிக்குப் பெயர் வேண்டும். இரண்டனையும் உரிய இடத்தில் வைத்தலே அறிவுடைமை. கணினி கற்கும் மாணவர், ஓர் எண்ணைக் கண்டவிடத்து, ‘இஃது இப்பொருளுக்கே உரியதா, அன்றி வரிசையில் வந்ததா?’ என்று முதற்கண் வினவப் பழகுவாராக.